கூரை போட்ட ஸ்டேடியம்: கல்லா நிறைவது யாருக்கு?

2010 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் முந்தின நாளெல்லாம் பனி கொட்டித் தீர்த்திருந்தது. சுமார் 17 அங்குலம். நகரின் நடுவே இருந்த மெட்ரோடோம் என்னும் மூடிய விளையாட்டரங்கின் துணிக்கூரை பாரம் தாங்காமல் கிழிந்தது. மேலே குவிந்திருந்த பனி அப்படியே ஆடுகளத்தில் சரிந்து விழுந்தது. உள்ளே வைத்திருந்த தொலைக்காட்சிக் கேமராக்களில் அந்தக் காட்சி பதிவாகி உலகமே பார்த்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்று பகலில் நடக்க வேண்டிய போட்டி மறுநாள் வேறு மாநிலத்தில், டெட்ராய்ட் நகரில் நடந்தது.

போட்டி நாளை நம்பிச் சரக்கு வாங்கி வைத்த உணவகக்காரருக்கு இப்படி ஒரு நாள் வந்தால் என்ன ஆகும் என்பதை வணிகப் பெருமக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

குளிருக்கும் பனிக்கும் பயந்துதான் அந்தக் கூரையையே போட்டார்கள். அப்படியிருக்க, குளிர்ப் பிரதேச நகரங்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து கூரை போட்ட ஸ்டேடியம் கட்டத்தான் வேண்டுமா? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இந்த விவாதம் நடந்து வருகிறது. விளையாட்டு ரசிகர்கள் ஒரு விதமாகவும், அரசியல்வாதிகள் வேறு விதமாகவும் பேசுகிறார்கள். ஸ்டேடியத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவரின் கண் கொண்டு அதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வருடத்துக்குப் பத்து நாள்

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரை மோதித் தள்ளுவதுமான ஆட்டம் அது. செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். அதாவது கடும் குளிர்காலம் முழுவதும் நடக்கும். ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 17 போட்டிகள். அதில் சொந்த ஊரில் நடப்பவை எட்டு அல்லது ஒன்பது. பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களையும் சேர்த்தால் வருடத்துக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வருடத்துக்குப் பத்து நாள் ஷட்டர் திறக்கும் கடைக்கு எவ்வளவு முதல் போடலாம்? நம்மில் யாரும் இதற்குக் காகிதமும் பேனாவும் தேட மாட்டோம். மீதி 355 நாளும் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கூரைக்காக வாதாடுபவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். “கூரை போட்டால் இசை நிகழ்ச்சி நடத்தலாம், கண்காட்சி வைக்கலாம், மாநாடு கூட்டலாம், குளிர்காலத்திலும் ஊருக்குள் ஆள் வருவார்கள்” என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

தெருவுக்கே கூரை போட்ட ஊர்

மினியாபொலிஸ் நகரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெட்டவெளி, துணிக்கூரை, ஒளி ஊடுருவும் கூரை என்று மூன்றையும் ஒரே அணியை வைத்துப் பார்த்துவிட்ட ஊர் அது.

1981 வரை அந்த அணி, பக்கத்து ஊரான புளூமிங்டனில் திறந்த வெளி அரங்கில் ஆடியது. குளிரில் நடுங்கிக்கொண்டேதான் ஜனங்கள் பார்த்தார்கள். 1982-ல் நகரின் நடுவே மெட்ரோடோம் திறக்கப்பட்டது. கட்டுமானச் செலவு சுமார் 5.5 கோடி டாலர். தூண் இல்லாத கூரை அது. பெரிய மின்விசிறிகள் உள்ளே காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றழுத்தத்தில் துணி பலூன் போல உப்பி நிற்கும். ஆட்டம் முடிந்து வெளியே வருபவரைக் காற்று முதுகில் தள்ளி அனுப்புமாம். மலிவான ஏற்பாடுதான். ஆனால் 2010-க்கு முன்பே சில முறை அந்தக் கூரை சரிந்திருக்கிறது.

அரங்கு வந்தால் சுற்றுவட்டாரம் செழிக்கும் என்றார்கள். நடந்தது என்ன? மெட்ரோடோம் இருந்த முப்பது ஆண்டுகளும் அதைச் சுற்றிப் பெரும்பாலும் வண்டி நிறுத்தும் காலி மனைகளே இருந்தன. போட்டி நாளில் நிறையும். மற்ற நாளில் காற்று வாங்கும். அரங்கு காலி செய்துவிட்டுப் போன புளூமிங்டன் நிலத்திலோ 1992-ல் ‘மால் ஆஃப் அமெரிக்கா’ என்ற மாபெரும் வணிக வளாகம் எழுந்தது. ஒரே கூரைக்குக் கீழ் 500-க்கு மேற்பட்ட கடைகள், நடுவில் குழந்தைகளுக்கு ராட்டினங்கள். மின்னசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. அதனால் வெளி மாநிலங்களிலிருந்தும் வாங்க வருகிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் கூரை வியாபாரத்தைக் கொண்டு வரும் என்பது உண்மைதான். ஆனால் அது வருடம் முழுவதும் திறந்திருக்கும் கூரையாக இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த நகரில் 1962 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் மாடி வழியாகவே கண்ணாடிப் பாலம் கட்டி இணைத்துக்கொண்டே வந்தார்கள். இன்று சுமார் 80 கட்டடத் தொகுதிகளை இப்படித் தெருவில் இறங்காமலேயே சுற்றி வரலாம். குளிருக்குப் பயந்த வாடிக்கையாளர் மாடியிலேயே நடந்து, மாடியிலேயே சாப்பிட்டு, மாடியிலேயே சாமான் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மாடியில் கடை பிடித்தவர் பிழைத்தார். கீழே தெருவைப் பார்த்து முகப்பு வைத்தவர் தெருவில் போகிறவரையே காணாமல் தவித்தார். இந்தப் பாலங்களை வைத்திருப்பதா எடுப்பதா என்று அந்த ஊரில் இன்னமும் சண்டை ஓயவில்லை. கூரை என்பது கூட்டத்தைச் சேர்க்கிறது என்பதைவிட, கூட்டத்தை இடம் மாற்றுகிறது என்று சொல்வதே பொருத்தம்.

இருப்புச் சரக்கின் மேல் விழுந்த வரி

கூரை கிழிந்த பிறகு புதிய அரங்குக்கு அணி உரிமையாளர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். 2012 மே மாதம் சட்டம் நிறைவேறியது. மாநில அரசு 34.8 கோடி டாலர், நகராட்சி 15 கோடி டாலர், மீதியை அணி போடுவது என்று ஏற்பாடு. முடிவில் மொத்தச் செலவு 110 கோடி டாலர் அளவுக்குப் போயிற்று. நகராட்சி தன் பங்கை ஊருக்குள் வசூலாகும் விற்பனை வரி, ஓட்டல், உணவக வரிகளிலிருந்து கொடுக்க ஒப்புக்கொண்டது. அதாவது, கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டும் பணம்.

மாநில அரசின் பங்கு எங்கிருந்து வரும்? இங்கேதான் நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் மின்னணுச் சீட்டாட்டக் கருவி வைத்து, அதில் வரும் வரியைக் கொண்டு கடனை அடைப்போம் என்றார்கள். கருவி வந்தது, ஆடுவதற்கு ஆள் வரவில்லை. எதிர்பார்த்த தொகையில் மிகச் சிறிய பங்கே முதலில் வசூலாயிற்று. கட்டட வேலையோ தொடங்கியாக வேண்டும். அரசு சுற்றுமுற்றும் பார்த்தது. 2013 ஜூலை முதல் தேதி சிகரெட் பாக்கெட்டுக்கு 1.60 டாலர் வரி உயர்ந்தது. அத்துடன், அன்றைய தேதியில் மொத்த வியாபாரியிடமும் சில்லறைக் கடைக்காரரிடமும் இருப்பில் இருந்த சிகரெட் சரக்கின் மேல் ஒரு தடவை மட்டும் என்று சொல்லி ஒரு வரி போட்டார்கள். அந்த இருப்பு வரி ஸ்டேடியக் கணக்குக்குப் போயிற்று.

புகையிலைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அதன் மேல் வரி போடுவதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் ஃபுட்பால் அரங்கின் கூரைக்கும், மூலைக்கடையின் அலமாரியில் ஏற்கெனவே வாங்கி அடுக்கிய சரக்குக்கும் என்ன சம்பந்தம்? பட்ஜெட் இரவுகளில் இருப்பை எண்ணிப் பழகியவர்களுக்கு அந்தக் கடைக்காரரின் மனநிலை புரியும்.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்பாடு அந்தச் சீட்டாட்டம் சூடுபிடித்தது. சேர்ந்த உபரியைக் கொண்டு 2023-ல் மாநில அரசு பாக்கியிருந்த சுமார் 37.7 கோடி டாலர் கடன் பத்திரங்களைக் கெடுவுக்கு வெகு முன்பாகவே தீர்த்துவிட்டது. இது நல்ல காரியம். கடனை அடைத்தது கூரைக்குக் கீழ் நடந்த வியாபாரம் அல்ல, மாநிலமெங்கும் மதுக்கடைகளில் நடந்த சூதாட்டம் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

கூட்டம் எங்கே செலவழிக்கிறது?

2016-ல் புதிய அரங்கு திறந்தது. 66,000 பேர் அமரலாம். துணிக்கூரையில் பட்ட பாடு போதும் என்று, பனி தானாகச் சரிந்து விழும்படி செங்குத்தான கூரை அமைத்தார்கள். கூரையில் பாதிக்கு மேல் ஒளி ஊடுருவும் தகடு. கண்ணாடி மாளிகை போல இருக்கிறது. கட்டுமானத் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களும் அணி ஒரு பல்கலைக்கழகத்தின் திறந்த அரங்கில் ஆடியது. 2016 ஜனவரி 10-ஆம் தேதி போட்டியன்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 21 டிகிரி செல்சியஸ். அதிலும் ஜனங்கள் வந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார்கள். உள்ளூர் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

இதைக் கவனிக்க வேண்டும். குளிர் எவ்வளவு இருந்தாலும் ஃபுட்பால் கூட்டம் வருகிறது. ஆகவே அந்தப் பத்து நாளுக்குக் கூரை ஒரு சௌகரியமே தவிர, கூடுதலாக வாடிக்கையாளர் யாரையும் கொண்டு வருவதில்லை. மற்ற நாட்களுக்குத்தான் கூரை தேவை. கோடைகால இசை நிகழ்ச்சிக்கும் கூரை வேண்டாம். ஆக, நவம்பர் முதல் ஏப்ரல் வரை, ஃபுட்பால் இல்லாத நாட்களில், 60,000 பேர் கூடும் அளவுக்கு நிகழ்ச்சி எத்தனை கிடைக்கும்? பத்தா, இருபதா? ஒரு பேச்சுக்குக் கூரைக்கு மட்டும் 25 கோடி டாலர் கூடுதல் செலவு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5 சதவிகிதம் வட்டி போட்டால் 1.25 கோடி டாலர். இருபது நாள் நிகழ்ச்சி கிடைத்தாலும், ஒரு நாளைக்கு வட்டி மட்டும் 6.25 லட்சம் டாலர். அசல் தனி. வெப்பமூட்டும் செலவு தனி.

அந்த நாட்களில் வரும் கூட்டமாவது அக்கம்பக்கத்துக் கடையில் செலவழிக்கிறதா? கூரைக்குக் கீழே உணவும் பானமும் விற்கும் உரிமை ஒப்பந்தக்காரருக்குப் போய்விடுகிறது. 2013 முதல் லீக் விதிப்படி ஒளி ஊடுருவும் பை தவிர வேறு பெரிய பையை உள்ளே கொண்டுபோகவே முடியாது. வாகனத்திலோ ரயிலிலோ வந்து, நேரே உள்ளே போய், உள்ளேயே தின்று குடித்து, சட்டையும் தொப்பியும் உள்ளேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆளால் தெருக்கடைக்கு என்ன லாபம்? உள்ளே கதகதப்பாக இருக்க இருக்க, வெளியே நிற்பதற்குக் காரணம் குறைந்துகொண்டே போகிறது.

ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1997-ல் வெளியிட்ட நூலில் அமெரிக்க ஸ்டேடியங்கள் பலவற்றின் கணக்கை அலசினார்கள். ஊர்ப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த பலன் மிகச் சொற்பம் அல்லது இல்லவே இல்லை என்பது அவர்கள் முடிவு. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. காரணம் எளிது. ஒரு குடும்பம் கேளிக்கைக்கு ஒதுக்கும் பணம் ஓர் அளவுக்கு மேல் கூடுவதில்லை. ஸ்டேடியத்தில் செலவழித்தால் சினிமாவிலும் ஓட்டலிலும் குறைத்துக்கொள்ளும். ஆட்டக்காரருக்குப் போகும் சம்பளமோ பெரும்பாலும் வேறு ஊரில் செலவாகிறது.

‘சூப்பர் பௌல்’ என்ற இறுதிப்போட்டியைக் காட்டி ஆசை காட்டுவதும் உண்டு. குளிர்ப் பிரதேச நகருக்குக் கூரை இருந்தால்தான் அனேகமாக அந்தப் போட்டி கிடைக்கும். 2014-ல் நியூயார்க் அருகே திறந்த அரங்கில் நடந்தது விதிவிலக்கு. மினியாபொலிஸுக்கு 1992-ல் கிடைத்தது, அடுத்து 2018-ல் கிடைத்தது. டெட்ராய்ட் வட்டாரத்துக்கு 1982-லும் 2006-லும் கிடைத்தது. கால் நூற்றாண்டுக்கு ஒரு திருவிழா! 2018-ல் அந்த ஊரின் கடைத்தெருவில் பத்து நாள் கொண்டாட்டம் நடந்தது என்பதும், கடைகளில் கூட்டம் இருந்தது என்பதும் உண்மை. அடுத்ததற்கு அதே கடைக்காரர் காத்திருப்பாரா, அவர் மகன் காத்திருப்பாரா என்பதுதான் தெரியவில்லை.

குளிரையே முதலாக்கிய ஊர்

மின்னசோட்டாவின் அடுத்த மாநிலமான விஸ்கான்சினில் கிரீன் பே என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை ஒரு லட்சம்தான். அங்குள்ள லாம்போ ஃபீல்டு அரங்கில் 80,000 பேர் அமரலாம். கூரை கிடையாது. 1967 டிசம்பர் 31-ல் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில் அங்கே நடந்த இறுதிக்கட்டப் போட்டியை 50,000-க்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 1960 முதல் பருவ டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. காத்திருப்போர் பட்டியலில் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேர்! அணிக்குத் தனி முதலாளியும் கிடையாது. லட்சக்கணக்கான சாதாரணப் பங்குதாரர்கள். டிவிடெண்ட் ஒரு காசு கிடையாது என்று தெரிந்தே பங்கு வாங்கியவர்கள்.

இந்த ஊரில் குளிர்தான் வியாபாரம். கம்பளி, கையுறை, காதுத்தொப்பி, உள்ளாடை, சட்டைப்பையில் வைக்கும் சூட்டுப்பொட்டலம், ஃபிளாஸ்க் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் மணிக்கணக்காக வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்தக் கரியும் இறைச்சியும் ரொட்டியும் ஸ்டேடியத்துக்கு உள்ளே வாங்கியவை அல்ல.

2000-ஆம் ஆண்டில் அரங்கைப் புதுப்பிக்க அரை சதவிகிதம் விற்பனை வரி போடலாமா என்று அந்த மாவட்டத்து மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. கடன் தீர்ந்ததும் 2015-ல் அந்த வரியை எடுத்தும்விட்டார்கள். போட்ட வரியை எடுத்த செய்தியை நாம் அடிக்கடி படிப்பதில்லை.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரமும் கூரை வேண்டாம் என்றுதான் முடிவு செய்தது. 2022-ல் ஒப்பந்தம், மாநிலம் 60 கோடி டாலர், மாவட்டம் 25 கோடி டாலர். 2026 பருவத்துக்கென்று கட்டிய புதிய அரங்கில் இருக்கைகளில் சுமார் 65 சதவிகிதத்துக்கு மேல் விதானம், தரைக்கு அடியில் வெப்பக் குழாய்; ஆனால் நடுவில் ஆகாயம். பனிக்குப் பேர்போன ஊர் அது. 2014 நவம்பரிலும் 2022 நவம்பரிலும் பனிப்புயலால் போட்டிகளை டெட்ராய்டின் மூடிய அரங்குக்கு மாற்ற நேர்ந்தது. (மினியாபொலிஸ் கூரை கிழிந்தபோதும் டெட்ராய்ட்தான். மற்றவர் பனியில் சம்பாதிக்கும் ஊர் போலிருக்கிறது!) 2024 ஜனவரியில் மணிக்கு 20 டாலர் கூலி கொடுத்து ரசிகர்களையே அழைத்து இருக்கைகளிலிருந்து பனியை வாரச் சொன்னார்கள். இவ்வளவு இருந்தும், 1973-ல் திறந்த பழைய அரங்கிலிருந்து பனியால் ஊர் மாறிப்போன போட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பஃபலோவின் ஜனத்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. மீதி நாட்களுக்கு நிகழ்ச்சி தேடி அலைவதைவிட, பனி வாரும் கூலி மலிவு என்று கணக்குப் போட்டது சரியே என்பது என் எண்ணம்.

அடிமாட்டு விலைக்குப் போன கூரைகள்

கூரை போட்டுக் கைச்சேதப்பட்டவர்கள் கதையும் உண்டு. கனடாவின் டொராண்டோவில் 1989-ல் திறந்துமூடும் கூரையுடன் ஸ்கைடோம் கட்டினார்கள். செலவு சுமார் 57 கோடி கனடா டாலர். உள்ளேயே ஓட்டல், உள்ளேயே உணவகங்கள். வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு. கடன் சுமை அழுத்த, கை மாறி மாறி, 2004-ல் பேசி முடித்த விலை 2.5 கோடி கனடா டாலர். உள்ளூர் ஃபுட்பால் அணி 2016-ல் அதை விட்டுத் திறந்த வெளி அரங்குக்கே போய்விட்டது.

டெட்ராய்டுக்கு அருகே பாண்டியாக் என்ற ஊரில் 1975-ல் கட்டிய சில்வர்டோம் இன்னும் மோசம். மெட்ரோடோம் போலவே காற்றில் நிற்கும் கூரை. செலவு 5.57 கோடி டாலர். 2002-ல் அணி டெட்ராய்ட் நகருக்கே போய்விட, பராமரிப்புச் செலவு நகராட்சியின் தலையில் விழுந்தது. 2009-ல் ஏலத்தில் போன விலை 5,83,000 டாலர். போட்ட முதலில் நூற்றில் ஒன்று! பிறகு கூரை கிழிந்து கந்தலாகத் தொங்கியது. 2017 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்க முயன்றபோது முதல் தடவை விழவும் மறுத்தது. மறுநாள்தான் சாய்ந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பது அமேசான் நிறுவனத்தின் சரக்குக் கிடங்கு.

ஊரை விட்டு வெளியேறும் கூரை

இப்போது எல்லோரும் பார்ப்பது ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரை. அங்கே 1999 முதல் நகர மையத்தில், ஏரிக்கரையில், திறந்த வெளி அரங்கு இருக்கிறது. கூரை போட்ட புதிய அரங்கு வேண்டும் என்று அணி உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த இடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள புரூக் பார்க் என்ற புறநகர். மதிப்பீடு 240 கோடி டாலர். அரங்கைச் சுற்றி ஓட்டல், கடைகள், குடியிருப்பு எல்லாம் அவர்கள் ஏற்பாட்டிலேயே வரும். அதாவது ஸ்டேடியத்துக்கு எதிர்க்கடையும் அவர்கள் கையில்.

இதற்கு மாநில அரசு 2025-ல் 60 கோடி டாலர் ஒதுக்கியது. எந்தப் பணத்திலிருந்து? பொதுமக்கள் எடுக்க மறந்த வங்கிக் கணக்கு, மாற்றாத காசோலை, திரும்ப வாங்காத டெபாசிட் என்று அரசிடம் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்திலிருந்து. ஒரு மாநிலத்தில் கடைக்காரரின் இருப்புச் சரக்கு. இன்னொன்றில் ஊரார் மறந்துவிட்ட டெபாசிட். கூரைக்குப் பணம் தேடுகிறவர்கள் எங்கெல்லாம் கை விடுகிறார்கள் என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

நகர மையத்தில் நடந்து போகிற தூரத்தில் பல பெரிய ஓட்டல்களும் சிறிய உணவகங்களும் இருக்க, நடுவில் கூரை போட்டிருந்தால் கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். குளிர்காலத்து மாநாடும் கண்காட்சியும் அந்த ஓட்டல்களை நிரப்பியிருக்கும். மினியாபொலிஸின் புதிய அரங்கில் சரியாகச் செய்த ஒரே காரியம் அதை ஊர் நடுவிலேயே, ரயில் நிலையத்தை ஒட்டி வைத்ததுதான். கூரையையும் போட்டு, ஊரை விட்டும் போவது என்றால் பழைய கடைத்தெருவுக்கு இரட்டை நஷ்டம்.

கிளீவ்லேண்ட் நகராட்சி இதை எதிர்த்து வழக்காடியது. 2025 அக்டோபரில் சமரசம் ஆயிற்று. நகரத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் கிடைக்கும். புதிய அரங்கை 2029-ல் திறப்பதாகத் திட்டம். ஏரிக்கரையில் நிற்கும் பழைய அரங்கை இடித்து, மனையைச் சமன் செய்து கொடுக்கும் செலவு அணி உரிமையாளரைச் சேர்ந்தது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள்.